விருந்தினர் கைக்குப் போக வேண்டிய படம்

1948 நவம்பர் 26 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோர்டன் மார்ஷ் என்ற பெரிய கடையில் புதுமாதிரி கேமரா ஒன்று விற்பனைக்கு வந்தது. எட்வின் லேண்ட் உருவாக்கிய பொலராய்டு மாடல் 95 அது. எடுத்த ஒரு நிமிடத்தில் படம் கையில் கிடைத்துவிடும். நிறுவனம் முதலில் செய்தது 60 கேமராக்கள்தான். அவற்றில் 57 கடைக்குப் போயின. இவை விற்று முடிவதற்குள் அடுத்த தொகுதியைச் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். முதல் நாளே அத்தனை கேமராவும் விற்றுப்போயின. கூடவே ஃபிலிமும் தீர்ந்துபோனது.

உடனடிப் படம் கடைக்கு வந்த அன்றே சரக்குக் கணக்கு தப்பியது. இன்று திருமண மண்டபங்களிலும் அதே கணக்குதான் தப்பிக்கொண்டிருக்கிறது.

நம் ஊர் ரிசப்ஷன்களில் சில வருடங்களாக வாசல் அருகே ஒரு சின்ன மேசையைப் பார்க்க முடிகிறது. சரவிளக்கு, பூச்சரம், ஒரு ஆல்பம், வண்ணப் பேனாக்கள், நடுவில் பொம்மை போன்ற, எடுத்ததும் படத்தை அச்சிட்டுத் தரும் ஃபுஜி நிறுவனத்தின் இன்ஸ்டாக்ஸ் கேமரா ஒன்று. மாலை ஏழு மணிக்கு மேசை களைகட்டும். மணமகளின் தோழிகள் ஆளுக்கு மூன்று படம் எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் கையில் கேமரா சிக்கினால் ஒரு பாக்கெட் ஐந்து நிமிடத்துக்குத் தாங்காது. எட்டு மணிக்கு ஃபிலிம் காலி. சொந்த ஊரிலிருந்து பஸ் பிடித்துப் பெரியப்பா குடும்பம் மண்டபத்துக்குள் நுழைவது எட்டரைக்கு. வெறும் கேமராவைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர்கள் மேடைக்கான வரிசையில் போய் நின்றுவிடுகிறார்கள்.

‘இன்னும் நாலு பாக்கெட் வாங்கியிருக்கலாமே’ என்று அடுத்த நாள் வீட்டில் பேச்சு வரும். நாலு பாக்கெட் கூடுதலாக இருந்திருந்தால் ஃபிலிம் எட்டரைக்குத் தீர்ந்திருக்கும்; அவ்வளவுதான். எத்தனை பாக்கெட் என்பது இரண்டாவது கேள்வி. எடுக்கிற படம் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. அதைத் தீர்மானிக்காமல் கடைக்குப் போகிறவர்கள் குறைவாகவும் வாங்குவார்கள், அதிகமாகவும் வாங்குவார்கள், சரியாக மட்டும் வாங்க மாட்டார்கள்.

ஒரு ரிசப்ஷனில் எத்தனை படம் எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். மேடைக்கு எதிரே ஒரு புகைப்படக்காரர், பக்கத்தில் கேண்டிட் எடுக்கிறவர், வீடியோ, சில இடங்களில் ட்ரோன் வேறு. மணமக்களுக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் சேரும். வந்தவர்களுக்கு? வரிசையில் நின்று மேடையேறி, கவரைக் கொடுத்து, மணமக்களுக்குப் பின்னால் நின்று, ஃப்ளாஷ் அடித்ததும் மறுபக்கப் படியில் இறங்கிப் பந்திக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் படத்தைப் பிறகு பார்த்திருக்கிறார்கள்? ஆல்பம் மாதங்கள் கழித்து வரும். வீட்டுக்குப் போனால் காட்டுவார்கள், போகாவிட்டால் இல்லை. பட்டுப் புடவை எடுத்து, பேரனுக்குப் புதுச் சட்டை போட்டு, குடும்பத்தோடு கிளம்பி வந்த ஒரு நாளுக்கு அந்தக் குடும்பத்திடம் ஒரு சாட்சியும் மிஞ்சுவதில்லை. கைபேசியில் ஒரு செல்ஃபி இருந்தால் உண்டு. அதுவும் போன் மாறும்போது போய்விடுகிறது.

இந்தக் குறையை நேராகத் தீர்க்கக்கூடியது இன்ஸ்டாக்ஸ் படம். அது அங்கேயே அச்சாகிறது, தாம்பூலப் பையோடு வீட்டுக்குப் போகிறது, அலமாரிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே அந்தப் படம் விருந்தினருக்குத்தான் போக வேண்டும். ஃபிலிம் கணக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இப்போது நடப்பது பெரும்பாலும் தலைகீழ். விருந்தினர் தன்னைத் தானே படமெடுத்து, அதை ஆல்பத்தில் ஒட்டி, பக்கத்தில் வாழ்த்து எழுதிவிட்டுப் போக வேண்டும் என்பது மேலைநாட்டுத் திருமணங்களிலிருந்து வந்த ஏற்பாடு. அங்கே அதற்குப் பொருள் உண்டு. அமெரிக்க ரிசப்ஷன் என்பது பெயர் எழுதிய நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. வருகிறவர்கள் நூறு, நூற்றைம்பது பேர். பேச்சு, நடனம் என்று நான்கைந்து மணி நேரம் அங்கேயே இருப்பார்கள். மேசையில் கேமராவை வைத்துவிட்டால் போதும், பொழுது போவதற்குள் எல்லோரும் ஒருமுறை அந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். விருந்தினரில் இரண்டு பேருக்கு ஒரு படம், கொஞ்சம் கைவசம் என்று அவர்கள் போடும் கணக்கு அந்தச் சூழலுக்குப் பொருந்தும். அறுநூறு பேர் இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்து, வாழ்த்தி, சாப்பிட்டுப் போகிற தமிழ்நாட்டு மண்டபத்தில் அதே சூத்திரத்தைப் போட்டால் முந்நூறு தாள் வாங்கச் சொல்லும். அத்தனையையும் எடுத்து முடிக்க நேரமும் இருக்காது, ஆளும் இருக்காது.

நமக்குப் பொருந்தும் மாதிரி நம் மண்டபத்திலேயே இருக்கிறது: மொய் எழுதும் மேசை. அந்த மேசையை யாரும் சும்மா விட்டுவைப்பதில்லை. கையெழுத்து நன்றாக இருக்கிற, இரண்டு பக்கத்துச் சொந்தத்தையும் அறிந்த, கடைசிவரை நகராமல் உட்காரக்கூடிய ஒருவரைத் தேடித்தான் உட்கார வைக்கிறார்கள். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதுகிறார்கள். அந்த நோட்டு பல வருடம் பத்திரமாக இருக்கிறது; அடுத்த வீட்டு விசேஷத்துக்கு முன் எடுத்துப் பார்க்கப்படுகிறது. உடனடிக் கேமராவுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். ‘வாங்க சித்தப்பா, எல்லாரும் நில்லுங்க, ஒரு படம் எடுத்துத் தர்றேன்’ என்று உரிமையோடு கூப்பிடத் தெரிந்த ஒரு தம்பியோ, அத்தை மகளோ. யார் இன்னும் வரவில்லை, யாருக்குப் படம் கொடுத்தாயிற்று என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பொறுப்பான ஒருவர் கேமராவைப் பிடித்தாலே வீணாகும் தாள் வெகுவாகக் குறைந்துவிடும்.

இனி எண்ணிக்கைக்கு வரலாம். அறுநூறு பேர் வருவார்கள் என்று சமையல்காரரிடம் சொல்லியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அறுநூறு பேர் என்றால் அறுநூறு படம் இல்லை. நம் ஊரில் விருந்தினர் தனித்தனியாக வருவதில்லை. தம்பதியாக, குடும்பமாக, அலுவலகக் கும்பலாக வருகிறார்கள். சராசரியாக மூன்று பேருக்கு ஒரு படம் என்று கொண்டால் இருநூறு குழு. இது தேவை. அடுத்து நேரத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலர் கோட்டைவிடும் இடம் அதுதான். நிற்க வைத்து, சிரிக்கச் சொல்லி, எடுத்து, தாளைக் கொடுத்து அனுப்ப ஒரு குழுவுக்கு ஒன்றரை நிமிடமாவது பிடிக்கும். மூன்று மணி நேரம் இடைவிடாமல் எடுத்தாலும் ஒரு கேமராவில் 120 படம்தான். பாக்கெட் மாற்ற வேண்டும், கேமராக்காரரும் சாப்பிடப் போக வேண்டும். நூறு என்று வைத்துக்கொள்வதே நியாயம்.

ஆக, ஒரு கேமரா என்றால் நூறு தாள். இன்ஸ்டாக்ஸ் ஃபிலிம் பாக்கெட் ஒன்றில் பத்துத் தாள். அப்படியானால் பத்து பாக்கெட். கண் மூடியது, வெளுத்துப்போனது, ஆள் பாதி வெட்டுப்பட்டது என்று பத்துக்கு ஒன்று வீணாகும் என எதிர்பார்த்து இன்னொரு பாக்கெட். முந்தைய நாள் பழகிப் பார்க்க ஒன்று. கடைசியில் சிலருக்காக எடுத்துவைக்க வேண்டிய இரண்டு பாக்கெட். அவர்கள் யார் என்பதைப் பிறகு பார்க்கலாம். மொத்தம் 14 பாக்கெட், 140 தாள். சிறிய இன்ஸ்டாக்ஸ் மினி தாள் ஒன்று ஏறத்தாழ ஐம்பது, அறுபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏழாயிரத்திலிருந்து எட்டாயிரத்துச் சொச்சம் வரை ஆகும். மணமக்களின் மாலைக்கும் மேடைப் பூ அலங்காரத்துக்கும் ஆகிற செலவோடு வைத்துப் பார்த்தால் பெரிய தொகை இல்லை. இருநூறு குழுவுக்கும் கொடுத்தே தீர வேண்டுமென்றால் இரண்டு கேமரா, இரண்டு ஆள், 25 பாக்கெட். ஆள் ஒருவர்தான் என்றால் பாக்கெட்டை மட்டும் இரட்டிப்பாக்கிப் பயனில்லை.

பேட்டரியை மறக்கவே கூடாது. மினி 11, மினி 12 போன்ற கேமராக்களில் இரண்டு ஏஏ ஆல்கலைன் பேட்டரி போட்டால் சுமார் நூறு படம் வரும். ஒன்பது மணிக்கு மேல் ஃப்ளாஷ் ஏறத் தாமதமாகும். அப்போது பேட்டரிக்காகக் கடை தேடி ஓட முடியாது. உபரி இரண்டு செட் ஃபிலிம் பையிலேயே இருக்கட்டும்.

எந்த ஃபிலிம் என்பதிலும் குழப்பம் நிறைய. எல்லா உடனடிக் கேமராவையும் பொலராய்டு என்றே சொல்லிப் பழகிவிட்டதால், ‘மாமா வீட்டில் ஒரு பொலராய்டு இருக்கிறதே’ என்று யாராவது சொல்ல, அதை நம்பித் திட்டம் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கேமராவுக்கு இன்று ஃபிலிம் வருகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கோடக் நிறுவனமும் 1976-ல் உடனடிக் கேமரா விற்றது. காப்புரிமையை மீறியதாகப் பொலராய்டு தொடுத்த வழக்கில் தோற்று, 1986 ஜனவரியில் அந்தத் தொழிலையே கைவிட்டது. வாங்கியவர்களின் கேமராக்கள் ஃபிலிம் இல்லாமல் காட்சிப் பொருளாகின. படத்தை உரித்தெடுக்கும் வகையில் ஃபுஜி கடைசிவரை செய்துவந்த எஃப்பி-100சி ஃபிலிமையும் 2016-ல் நிறுத்திவிட்டார்கள். பொலராய்டே 2008-ல் ஃபிலிம் தயாரிப்பை விட்டு விலகியது. நெதர்லாந்தில் என்ஸ்கெடே ஊரிலிருந்த அதன் கடைசி ஆலையை, பழைய ஊழியர்கள் சிலரோடு சேர்ந்து ‘இம்பாசிபிள் புராஜெக்ட்’ என்ற குழு காப்பாற்றியது. பழைய ரசாயனங்கள் பல கிடைக்காததால் ஃபிலிமைப் புதிதாகவே உருவாக்க வேண்டியிருந்தது. 2010-ல் முதல் பாக்கெட் வெளிவந்தது. 2020-ல் அந்தக் குழு பொலராய்டு என்ற பெயரையே தனதாக்கிக்கொண்டது. அவர்களுடைய பிடிவாதத்தால்தான் பொலராய்டு 600 கேமராக்களுக்கு இன்றும் ஃபிலிம் கிடைக்கிறது.

ஆனாலும் நம் ஊர் ரிசப்ஷனுக்குப் பொலராய்டைப் பரிந்துரைக்க முடியாது. காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. ஒரு பாக்கெட்டில் எட்டுத் தாள்தான். ஒரு தாளின் விலை இன்ஸ்டாக்ஸ் மினியைப் போலப் பல மடங்கு ஆகிறது. வண்ணப் படம் முழுதாகத் தெளிய பத்து முதல் பதினைந்து நிமிடம் வேண்டும்; இன்ஸ்டாக்ஸில் ஒன்றரை நிமிடத்தில் முகம் தெரிந்துவிடும். பஸ்ஸுக்குக் கிளம்புகிறவரிடம் பதினைந்து நிமிடம் பொறுங்கள் என்று சொல்ல முடியுமா? எல்லாவற்றையும்விட முக்கியமானது வெப்பம். 13 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் பயன்படுத்துவது நல்லது என்று பொலராய்டு தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். அதற்கு மேல் போனால் படத்தில் மஞ்சளும் சிவப்பும் ஏறிவிடும். வைகாசி முகூர்த்தத்தில், ஏசி இல்லாத மண்டபத்தில், இரவு எட்டு மணிக்கும் 28 டிகிரி என்பது கனவு. இன்ஸ்டாக்ஸ் 40 டிகிரி வரை தாங்கும்.

தாங்கும் என்பதற்காகக் கார் டிக்கியில் போட்டு வெயிலில் நிறுத்தலாம் என்று அர்த்தமில்லை. மூடிய கார் மதியத்தில் 40 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். வாங்கிய ஃபிலிமை வீட்டின் குளிர்ந்த இடத்தில் வைத்தால் போதும்; கோடையில் நாள் கணக்கில் வைத்திருக்க வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு நல்லது. கல்யாண வீட்டு ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டும் மல்லிகைப் பொட்டலமும் போக இடம் இருக்காது. ஈரப் பூவோடு ஃபிலிமை வைக்கவும் கூடாது. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜைக் கேட்டு வாங்கிக்கொள்வது மேல். ஃப்ரீஸரில் மட்டும் வைக்கவே கூடாது. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ரசாயனக் குழம்பு அடைத்த சின்னப் பை இருக்கிறது. அது உறைந்தால் ஃபிலிம் கெட்டுவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாக்கெட்டை உடனே பிரிக்காமல் சில மணி நேரம் வெளியில் வைத்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளாது. காலையில் எடுத்துவைத்தால் மாலைக்குச் சரியாக இருக்கும்.

எப்போது வாங்குவது? பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் சமயத்தில் வாங்கிவிடலாம். ஒரு வருடம் முன்பே வாங்கி அடுக்கத் தேவையில்லை. முந்தைய வாரம் வரை காத்திருப்பதும் சரியில்லை. உடனடி ஃபிலிம் எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கிடைக்கும் சரக்கு இல்லை என்பதற்கு அதன் வரலாறே காரணம். 1998-ல் வந்த இன்ஸ்டாக்ஸ், 2002-ல் ஆண்டுக்குப் பத்து லட்சம் கேமரா என்ற அளவைத் தொட்டு, டிஜிட்டல் அலையில் சில வருடங்களிலேயே ஒரு லட்சத்துக்கு அருகே சரிந்தது. பிறகு கொரியா, சீனா என்று இளைஞர்கள் கையில் மறுபிறப்பெடுத்து, 2018 நிதியாண்டில் ஒரு கோடியைத் தொட்டது. இத்தனை கேமராவுக்கும் தாள் செய்ய ஜப்பானில் அஷிகாரா ஆலையை ஃபுஜி விரிவாக்கிக்கொண்டே இருக்கிறது. தேவை முந்திக்கொள்ளும் காலங்களில் சில வகைத் தாள்கள் கடையில் கிடைப்பதில்லை. கிடைத்தால் விலை கூடுதல். பண்டிகை, முகூர்த்த மாதங்களில் கடைசி நேரத்தில் தேடுகிறவர்கள் கிடைத்ததை வாங்குகிறார்கள். காலாவதித் தேதி முடியப்போகும் பாக்கெட்டும், கேமராவுக்குப் பொருந்தாத தாளும் வீடு வந்து சேர்வது அப்படித்தான். பாக்கெட்டின் மேல் தேதி அச்சிட்டிருக்கும். விசேஷ நாளுக்குப் பிறகு இன்னும் சில மாதமாவது அவகாசம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் சொந்தக்காரர்களிடம் ஃபிலிம் வாங்கிவரச் சொல்வது உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். ஃபிலிமைச் சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது; அங்கே பயன்படும் எக்ஸ்ரே வலுவானது. கைப்பையில் வைத்து, சோதனைச் சாவடியில் கையால் சோதிக்கும்படி கேட்பது நல்லது. இன்ஸ்டாக்ஸ் தாள் ஐஎஸ்ஓ 800 வேகம் கொண்டது. புதிதாக வந்திருக்கும் சிடி ஸ்கேனர்களின் கதிரும் அதைப் பாதிக்கும். பாதித்த தாள் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். மண்டபத்தில் படமெடுத்த பிறகுதான் புகைமூட்டம் தெரியும்.

தாளின் அளவையும் யோசிக்க வேண்டும். மினியில் படம் விழும் பரப்பு 62-க்கு 46 மில்லிமீட்டர். இரண்டு பேர், மூன்று பேர் என்றால் அழகாக இருக்கும். பாட்டி, இரண்டு மகன்கள், மருமகள்கள், நான்கு பேரப்பிள்ளைகள் என்று ஒன்பது பேர் நின்றால் முகங்கள் மிளகளவு ஆகிவிடும். நம் குடும்பங்களுக்கு ஏற்றது இன்ஸ்டாக்ஸ் வைடு: 99-க்கு 62 மில்லிமீட்டர். தாள் விலை அதிகம், கேமராவும் பருமன். ஆனால் வருகிறவர்கள் பெரும்பாலும் கூட்டுக் குடும்பமாக வருவார்கள் என்றால், மினி நூறைவிட வைடு அறுபது பயனுள்ளது. மினி பாக்கெட் வைடு கேமராவில் ஏறாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இரண்டு வகையைக் கலந்து வாங்கினால் பைகளைத் தனித்தனியாகப் பிரித்துவைப்பது நல்லது.

கேமராவை எங்கே நிறுத்துவது? வாசலில் வேண்டாம். உள்ளே நுழைகிறவர்களுக்கு மேடை, வரிசை, பந்தி என்று மனசு பரபரக்கும். சாப்பிட்டு முடித்து, பீடாவும் ஐஸ்க்ரீமும் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் இடம்தான் சரி. அப்போதுதான் குடும்பம் முழுதாக ஒன்றுசேரும். முகத்தில் ஒரு நிறைவும் இருக்கும். இந்தக் கேமராக்களின் ஃப்ளாஷ் இரண்டு, இரண்டரை மீட்டர்வரைதான் எட்டும். அதற்கு அப்பால் நின்றால் முகம் இருண்டுவிடும், மிக நெருங்கினால் வெளுத்துவிடும். பின்னால் ஒரு சுவரோ திரையோ உள்ள மூலையைத் தேர்ந்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில் தரையில் ஒரு கோடு ஒட்டிவிட்டால் யார் எடுத்தாலும் படம் ஒரே மாதிரி வரும். இந்த ஒரு கோடு மிச்சப்படுத்தும் தாள்கள் பல.

கேமராவைப் பிடிக்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். அதையும் முந்தைய நாளே பழகிக்கொள்ள வேண்டும். பாக்கெட்டிலுள்ள மஞ்சள் கோட்டைக் கேமராவின் மஞ்சள் கோட்டோடு பொருத்திப் போட்டு, ஒருமுறை அமுக்கினால் கறுப்பு மூடி வெளியே வரும். அது படம் இல்லை. தாள் தீருமுன் பின்கதவைத் திறந்தால் ஒளி பட்டு உள்ளிருக்கும் தாள்கள் வீணாகும். ‘இன்னும் எத்தனை இருக்கு பார்’ என்று ஆர்வமாகத் திறந்து பார்ப்பதால் ரிசப்ஷன்தோறும் போகிற ஃபிலிம் கொஞ்சநஞ்சமல்ல. வெளிவந்த தாளை உதறவும் கூடாது, மடக்கவும் கூடாது. உருளைகளுக்கு நடுவே தாள் வரும்போதே ரசாயனப் பை உடைந்து, குழம்பு படலங்களுக்கிடையே ஒரே சீராகப் பரவியிருக்கிறது; இனி அது தானாகவே வேலை செய்யும். உதறினால் சீக்கிரம் தெளியும் என்பது, மேல்தாளை உரித்தெடுத்து உலர வைக்கும் பழைய வகைப் படங்களிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். 2003-ல் ‘ஹே யா’ என்ற ஆங்கிலப் பாட்டு உலகத்தையே உதறச் சொன்னபோது, உதறினால் படம் கெடலாம் என்று பொலராய்டே விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் குழம்பு காரத்தன்மை உள்ளது என்பதால் பிள்ளைகள் தாளைக் கத்தரிக்கவோ கிழிக்கவோ விடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். கையில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

வெள்ளை ஓரத்தில் தேதியும் மணமக்கள் பெயரும் எழுதிக் கொடுத்தால் படத்துக்கு மதிப்பு கூடும். சாதாரண ஜெல் பேனா அந்த வழுவழுப்பில் கலைந்துவிடும்; பெர்மனன்ட் மார்க்கர் வேண்டும். இன்னொன்று: இந்தப் படத்துக்கு நெகட்டிவ் கிடையாது, பிரதியும் கிடையாது. மணமக்களுக்கும் ஒரு நினைவு வேண்டுமானால், கொடுப்பதற்கு முன் தெளிந்த தாளைக் கைபேசியில் ஒரு படம் பிடித்துக்கொண்டால் போதும். ஆல்பத்தில் வாழ்த்து மட்டும் எழுதி வாங்கலாம். ஆளுக்கு இரண்டு தாள் எடுத்து ஒன்றை ஆல்பத்தில் ஒட்டும் யோசனையைச் சிலர் சொல்கிறார்கள். நூறு தாளில் ஐம்பது குடும்பத்தை இழப்பதுதான் அதன் பொருள்.

ஆயிரம், இரண்டாயிரம் பேர் வரும் பெரிய கல்யாணங்களுக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரிண்டர் வைத்த போட்டோ பூத்தை வாடகைக்கு எடுப்பதே அங்கே புத்திசாலித்தனம். அஞ்சலட்டை அளவில் ஒரு படம் பத்துப் பதினைந்து விநாடியில் அச்சாகிவிடும். ஒரே படத்தை நான்கு பேருக்கு நான்கு பிரதி எடுக்கலாம். வெப்பத்தைப் பற்றிய கவலை குறைவு. விருந்தினர் கையில் ஒரு படம் போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம் என்றால், அது இன்ஸ்டாக்ஸ் தாளா பிரிண்டர் தாளா என்பது இரண்டாம்பட்சம். முந்நூறு, நானூறு பேர் வரும் நடுத்தரக் குடும்பத்து ரிசப்ஷனுக்குத்தான் உடனடிக் கேமரா மிகச் சரியாகப் பொருந்துகிறது. வாடகைத் தொகை இல்லை, மின் இணைப்பு வேண்டாம், சொந்தக்காரப் பிள்ளை ஒருவர் போதும்.

எடுத்துவைக்கச் சொன்ன அந்த இரண்டு பாக்கெட் யாருக்கு? ஒன்று, மேடையேற முடியாத முதியவர்களுக்கு. முழங்கால் வலியோடு முதல் வரிசையில் உட்கார்ந்துவிடும் பாட்டிகளும் தாத்தாக்களும் மேடைப் படத்தில் இருப்பதே இல்லை. மணமக்கள் இறங்கி வந்து அவர்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், ஒரு நிமிடத்தில் முடிகிற காரியம் இது. மற்றொன்று, அன்றைக்கு உழைத்தவர்களுக்கு. நாயனம், தவில் வாசித்தவர்கள், சமையல் மாஸ்டரும் அவர் ஆட்களும், பந்தி பரிமாறிய பிள்ளைகள், இலை எடுத்த அம்மாக்கள், வேன் ஓட்டுநர். மண்டபத்தின் ஆயிரம் படங்களில் இவர்கள் முகம் எதிலும் இருக்காது. தப்பித் தவறி இருந்தாலும் அது இவர்கள் கைக்குப் போகாது. பத்து மணிக்கு மேல், கூட்டம் கலைந்த பிறகு, கூலியோடு ஒரு படத்தையும் சேர்த்துக் கொடுப்பதற்கு ஆகிற செலவு ஆளுக்கு அறுபது ரூபாய். இந்தத் தாள்களைத் தனிப் பையில், மணமகளின் அம்மாவிடமோ வேறு பொறுப்பான பெரியவரிடமோ முதலிலேயே கொடுத்துவைக்க வேண்டும். மேசையில் இருந்தால் ஒன்பது மணிக்கே போய்விடும்.

ஏற்பாட்டை ஈவென்ட் நிறுவனத்திடம் விடுகிறவர்கள், ‘இன்ஸ்டன்ட் போட்டோ வசதி உண்டு’ என்ற ஒரு வரியை நம்பி முன்பணம் கொடுக்கக் கூடாது. எத்தனை தாள், எந்த அளவு, காலாவதித் தேதி என்ன, எடுக்க ஆள் வருகிறாரா, வீணான தாள் யார் கணக்கு, பிரிக்காத பாக்கெட் யாருக்குச் சொந்தம் என்பதெல்லாம் கொட்டேஷனிலேயே எழுதியிருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு இலைக் கணக்கு எழுதி வாங்குகிற நாம் இதற்கும் எழுதி வாங்கலாம்.

மீதமாகும் பாக்கெட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பல வீடுகளில் ரிசப்ஷன் முந்தைய நாள் மாலையே நடந்துவிடுகிறது. முகூர்த்தம் மறுநாள் விடியலில். அந்தக் கருக்கலில் குளித்துக் கிளம்பி வருகிறவர்கள் நெருங்கிய சொந்தங்கள் மட்டுமே; இரவில் படம் கிடைக்காமல் போனவர்களுக்கு அப்போது எடுத்துக் கொடுக்கலாம். ஹோமப் புகைக்கும் குத்துவிளக்குக்கும் தள்ளி நின்று எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் மேல் மிஞ்சினால் மறுவீட்டுக்கு எடுத்துப் போகலாம். கேமராவில் ஏற்றிப் பாதி எடுத்த பாக்கெட்டை முதலில் முடித்துவிட்டு, பிரிக்காததைத் தேதி பார்த்து ஃப்ரிட்ஜில் வைத்தால் வளைகாப்பு வரைக்கும்கூட வரும்.